கருந்திரையைப் பூட்டாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கருந்திரைக் குழுவைத் தொடங்கிய தம்பி கிளைட்டன் அவர்களே, விஜிலாவோடு வேலை பார்த்த அலுவலக நண்பர்களே, நாசரேத்திலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் நான் பெயர் அறியாத ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் குழு உறுப்பினர்களே, மகளின் படத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிளாரன்ஸ் அம்மா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் இசக்கியப்பன். முத்தையாபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. "சுருக்கமாப் பேசுங்க அண்ணாச்சி, யாரையும் ஏசிராதீங்க" என்று சொல்லித்தான் இந்த மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சுருக்கமாகப் பேச முயல்கிறேன். ஏசுவதைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

விஜிலா இறந்துவிட்டார். இதை நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் சொல்கிறது, மனம் ஏற்க மறுக்கிறது. நாற்பத்து நான்கு வயது! சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அன்று காலை கப்பல் சரக்குக்கான காகிதங்களை எல்லாம் முடித்துக் கொடுத்திருக்கிறார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கைபேசியில் ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. தூக்கிக்கொண்டு ஓடிய நண்பர்கள் இதோ இருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். என்ன முடிந்துவிட்டது? எப்படி முடியும்? பாதி பதிலை விட்டுவிட்டு எழுந்து போகிற ஆளா விஜிலா?

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பிளாரன்ஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, இவ்வளவு ஆளுக யாரு? எம்மவ வேலைய விட்டா வீடு, வீட்ட விட்டா கோயில். எந்நேரமும் போன நோண்டிக்கிட்டே இருக்காளேன்னு நான் ஏசுவேன். இந்தச் சனமெல்லாம் எங்கன இருந்து வந்துச்சு?"

அம்மா, அன்று கேட்டதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். இந்தச் சனமெல்லாம் உங்கள் மகளின் போனுக்குள் இருந்து வந்தது.

கணினியைப் பற்றித் தெரியாத உறவினர்களும் இங்கே இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியில் படத்தைத் தொட்டு, பொத்தானை அழுத்தி வேலை வாங்குவது ஒரு முறை. படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரையில், கட்டளையை எழுத்தால் அடித்து வேலை வாங்குவது இன்னொரு முறை. அந்தக் கறுப்புத் திரையின் பெயரைத்தான் எங்கள் இணையக் குழுவுக்கு வைத்திருக்கிறோம். கணினி படுத்துவிட்டால், கோப்பு காணாமல் போனால், பிரிண்டர் முரண்டு பிடித்தால், எவரும் வந்து தமிழில் கேட்கலாம். தெரிந்தவர் தமிழில் பதில் சொல்வார். அவ்வளவுதான் கருந்திரை. அதன் மூத்த வழிகாட்டி விஜிலா. யாரும் நியமித்த பதவி இல்லை. கேட்டவர்கள் கொடுத்த பட்டம்.

நான் அங்கே எப்படிப் போனேன் தெரியுமா? கோபத்தில் போனேன். நான் பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்காதவன். கடையில் பில் போடும் கணினியை நானே கழற்றி, நானே மாட்டி, புத்தகத்தைப் பார்த்தும் தப்புப் பண்ணியும் கற்றுக்கொண்டவன். ஒரு சந்தேகம் வந்தபோது அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கேட்டேன். ஒரு வரியில் கதவைச் சாத்தினார்கள்: இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. கேட்கப்பட்டிருக்கட்டும்! நான் கேட்டேனா அதை? என் கணினியில் வந்ததா அது? அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

அந்த ஆத்திரத்தோடு கருந்திரையில் நுழைந்து, "கோப்பைக் காணோம், யாராவது பதில் சொல்லுவீங்களா, இல்ல நீங்களும் விரட்டுவீங்களா" என்று எழுதினேன். உடனே ஒரு பதில் வந்தது.

"எங்கன நிக்கீங்க அண்ணாச்சி?"

"கடையிலதான் நிக்கேன். வேற எங்கன நிப்பேன்?"

"அய்யோ, அதுல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்குள்ள எங்கன நிக்கீங்க? பி.டபிள்யூ.டி.ன்னு அடிச்சுப் பாருங்க, அது சொல்லும்."

"ஏம்மா, பொதுப்பணித்துறைக்கு இதுல என்ன சோலி?"

அதற்கு அவர் சிரிப்பு முகமாக ஒரு வரிசையே அனுப்பினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கணினிக்குள் கோப்புறைகள் அறைகளைப் போல. கறுப்புத் திரையில் அடிக்கிற கட்டளை, நாம் எந்த அறையில் நிற்கிறோமோ அந்த அறையில்தான் வேலை செய்யும். பி.டபிள்யூ.டி. என்று அடித்தால் நாம் நிற்கும் அறையின் பெயரைக் காட்டும். நான் ஓர் அறையில் நின்றுகொண்டு இன்னோர் அறையில் இருக்கும் கோப்பைத் தேடியிருக்கிறேன். கோப்பு எங்கும் போகவில்லை. நான்தான் வேறெங்கோ போயிருந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்கிறவர் முதலில் தான் எங்கே நிற்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். விதிப்பலகையில் யாரும் எழுதி வைத்ததில்லை. விஜிலா கேட்டுக் கேட்டு வந்த வழக்கம். அது எவ்வளவு பெரிய காவல் என்பதை, அதோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற பாலகணேஷைக் கேளுங்கள்.

பாலகணேஷ் ஓட்டப்பிடாரத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். ஒருநாள் தேவையில்லாத பழைய படங்களை அழிக்கக் கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தார். பழைய படங்கள் இருக்கும் கோப்புறையில் நிற்பதாக நினைத்துக்கொண்டார். நின்றது, அந்த வாரம் எடுத்த கல்யாணத்தின் கோப்புறையில்! இருக்கிறதை எல்லாம் அழி என்றார், அழித்துவிட்டது. கறுப்புத் திரை "நெசமாவா?" என்று ஒருமுறைகூடக் கேட்காது. பெண் வீட்டார் ஆல்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மனிதர் குழுவில் வந்து எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? "அக்கா, நான் செத்தேன்."

விஜிலா ஆறுதல் சொல்லவில்லை. "மொதல்ல மெஷின ஆஃப் பண்ணுங்க. ஒண்ணையும் புதுசா சேமிக்காதீங்க. அழிச்ச படம் இன்னும் உள்ளதான் கெடக்கு, அதுக்கு மேல வேற எதுவும் விழுந்துறக் கூடாது. பொறவு அழலாம்" என்று எழுதினார். வேறொரு கணினியில் மீட்புக்கான பென்டிரைவ் தயாரிக்க வைத்தார். மீட்ட படங்களைச் சேமிக்கத் தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வரச் சொன்னார். படங்கள் பெயரெல்லாம் உதிர்ந்து, வரிசை குலைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாமே கிடைத்ததா? இல்லை. பொய் சொல்ல நான் வரவில்லை. தாலி கட்டும் படம் கிடைத்தது, மறுவீட்டுப் படங்கள் போனது போனதுதான். அதைப் பெண் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று பாலகணேஷ் கேட்டபோது விஜிலா சொன்னார்: "நான் அழிச்சுட்டேன்னு சொல்லுங்க. கேமரா கெட்டுப்போச்சுன்னு கத விடாதீங்க. மொபைல்ல எடுத்தவங்க யாராவது இருப்பாங்க, கேட்டு வாங்கிச் சேத்துக் குடுங்க." பாலகணேஷ் அப்படியே செய்தார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்துக் காதுகுத்துக்கு அவர்தான் படம் எடுக்கிறார்.

விஜிலா எல்லாம் தெரிந்தவரா? இல்லவே இல்லை! இதையும் சொல்லியாக வேண்டும். அவரைவிடக் கணினி தெரிந்தவர்கள் எங்கள் குழுவிலேயே பலர் உண்டு. "எனக்குத் தெரியாது, பாத்துட்டு வாரேன்" என்பது அவர் அடிக்கடி எழுதும் வரி. பார்த்துவிட்டு வரவும் செய்வார். தெரிந்தவர்கள் பலருக்கு இல்லாத குணம் அது.

தப்பும் சொல்லியிருக்கிறார். என்னிடமே சொன்னார்! என் கடைக் கோப்புகள் திறக்க மறுத்தபோது, அவற்றின் உரிமையை மாற்ற ஒரு கட்டளை கொடுத்தார். ஒரு கோப்புறைக்கு மட்டும் போட வேண்டியதை, அவசரத்தில், மொத்தக் கணினிக்கும் போடும்படி எழுதிவிட்டார். நானும் போட்டேன். கணினி என்னையே யாரென்று கேட்டு வெளியே தள்ளியது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். இன்னொருவராக இருந்தால் குழுவை விட்டே போயிருப்பார். விஜிலா என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி முத்தையாபுரம் வந்து இறங்கினார். அதுதான் நான் அவரை முதன்முதலில் நேரில் பார்த்தது.

"நீங்கதான ஏசுன அண்ணாச்சி? ஏசுங்க, ஆனா ஒரு ஸ்டூலு போட்டுட்டு ஏசுங்க."

ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கணினியைச் சரிசெய்தார். போகும்முன் குழுவில் எழுதினார்: "அண்ணாச்சி கடை மெஷின் படுத்ததுக்கு நான்தான் காரணம். கட்டளைய நான் ஓட்டிப் பாக்காமச் சொல்லிட்டேன்." தப்பான பதிலை நீக்கிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். அதே தப்ப இன்னொருத்தர் பண்ணிட்டுத் தேடி வருவாரு. அவருக்கு இது வேணும்" என்றார். தப்புக்குக் கீழேயே திருத்தத்தை எழுதினார். அது இன்றும் அங்கே இருக்கிறது. அதன் பிறகு, தன் கணினியில் ஓட்டிப் பார்க்காத எந்தக் கட்டளையையும் அவர் எவருக்கும் கொடுத்ததில்லை.

இனி, அவர் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை.

திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர்கள் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் தம்பி இனிகோ குழுவில் ஒரு கேள்வி போட்டார். சங்கத்தின் மடிக்கணினி உள்ளே விட மறுக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரும்பவும் வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது. இடமில்லை என்று ஒரு வரி காட்டுகிறது. அந்த மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கடலுக்கடியில் பாறை எங்கே, மூழ்கிய பழைய கப்பல் எங்கே, எங்கே வலையை இறக்கினால் கிழியும் என்று ஒவ்வொரு படகுக்காரருக்கும் ஒரு சில இடங்கள் தெரியும். அவரவர் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து அந்த இடங்களை எல்லாம் கேட்டு வாங்கி, ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பது அந்த ஒரே கணினியில்தான். வேறு நகல் கிடையாது.

விஜிலா எழுதினார்: "எதையும் அழிச்சிராதீங்க இனிகோ. நான் சொல்லுத வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. எந்த எடம் நெறஞ்சு கெடக்குன்னு பாக்கணும். கறுப்புத் திரை வழியா உள்ள போயி டி.எஃப்.னு அடிச்சு, வாரதப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

இனிகோ அனுப்பினார். "விஜிலா தட்டச்சு செய்கிறார்" என்று திரையின் மேலே வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அணைந்தது.

அய்யா, அம்மா, அது அணைந்ததை நாங்கள் பார்த்தோம்! குழுவில் அந்த நேரம் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். என்ன பார்க்கிறோம் என்று எங்களில் எவருக்குத் தெரியும்? "அக்கா சாப்பிடப் போயிருப்பாங்க" என்று ஒருவர் எழுதினார். சாயங்காலம் இன்னொருவர், "என்ன அக்கா, பெரிய ஆளாயிட்டீங்களோ?" என்று எழுதினார். வேறொருவர், "அக்காவுக்கும் இன்னைக்கு டிஸ்க் ஃபுல்லு போல" என்று எழுதி, சிரிக்கிற முகம் போட்டார். அந்த நேரத்தில் விஜிலா எங்கே இருந்தார்? ஆஸ்பத்திரியின் குளிர்ந்த அறையில் இருந்தார். அந்தக் கடைசி வரியை எழுதியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவரைத் தூங்கவிடாமல் அந்த வரியே அடிக்கிறது, நான் வேறு அடிக்க வேண்டுமா? மறுநாள் காலை செய்தி வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். செய்தி போட்டவருக்குப் போன் போட்டு ஏசவும் செய்தேன். எதிர்முனையில் அழுகைச் சத்தம் கேட்டபோதுதான் உட்கார்ந்தேன்.

சரி. இப்போது யாரை ஏசக் கூடாது என்று சொன்னார்களோ, அவரிடம் வருகிறேன்.

தம்பி கிளைட்டன், மேடை மரியாதைக்கு அவர்களே என்று தொடங்கினேன். இனிக் கடையில் பேசுவதைப் போலவே பேசுகிறேன். அடக்கம் முடிந்த அன்றே குழுவில் அறிவிப்புப் போட்டாய்: "விஜிலா அக்காவின் நினைவாகக் கருந்திரை மூடப்படுகிறது. பழைய பதில்களைப் படிக்கலாம். புதிதாக எவரும் எழுத இயலாது." உன் துக்கம் எனக்குத் தெரியும். உன்னைக் கூடப்பிறந்த தம்பியாக வைத்திருந்தார் அவர். ஆனால் யாரைக் கேட்டுப் பூட்டினாய்?

இதைப் போனிலேயே கேட்டேன். அவன் சொன்னதையும் சபையில் வைக்கிறேன், அதுதான் நியாயம்.

"அண்ணாச்சி, அக்கா இல்லாத எடத்துல எது சரி எது தப்புன்னு யாரு பாப்பா? எவனாவது தப்பாச் சொல்லி ஒருத்தன் டிஸ்க்கு போச்சுன்னா, அக்கா பேருதான கெடும்?"

"ஏலே, அக்காவே தப்பாச் சொல்லி எங் கட மெஷின் படுத்துச்சுல்லா? அவ பேரு கெட்டா போச்சு?"

"இப்பம் எல்லாரும் பதில் சொல்லுத ஏ.ஐ. மெஷின்கிட்டயே கேட்டுக்கிடுதாங்க அண்ணாச்சி. நம்மள எவன் தேடுதான்?"

எவன் தேடுகிறான்? தம்பி, இந்த மண்டபத்துக்கு வரும்போது வாசலில் ஒருவனைப் பார்த்தேன். தோளில் ஒரு பை. துக்கத்துக்கு வருகிறவன் பூ கொண்டு வருவான், மெழுகுவர்த்தி கொண்டு வருவான். இவன் என்ன கொண்டு வந்திருக்கிறான் என்று பையைப் பார்த்தேன். மடிக்கணினி! இனிகோ.

"என்னலே, இன்னும் சரியாகலையா?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்ருவோம்னு சங்கத்துல சொல்லுதாங்க. நான் விடல. ஒண்ணையும் தொடாதீங்கன்னுல்லா அக்கா சொல்லிருக்காங்க."

"மெஷின்கிட்டக் கேட்டுப் பாக்க வேண்டியதான?"

"கேட்டேன். வரிசையாப் பத்துக் கட்டள குடுத்துச்சு. சரியாத்தான் இருக்கும் போல. ஆனா அந்தப் பத்துல ஒண்ணு அழிக்கச் சொல்லுது அண்ணாச்சி. போடுலேன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்லா? குழுவில கேப்போம்னு போனா, எழுதவே விடமாட்டேங்குது."

கேட்டீர்களா? இறந்துபோன ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருவன் இன்றுவரை ஒரு கோப்பைக்கூட அழிக்காமல் காத்திருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல இத்தனை பேர் இருக்கிறோம். நடுவில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கு விஜிலாவின் பெயர்! இதைவிடப் பெரிய அவமரியாதையை எதிரிகூட அவருக்குச் செய்யமாட்டான். என் கேள்வியை அன்றைக்கு வெளிநாட்டுக்காரன் மூடினான், பொறுத்துக்கொண்டேன். விஜிலாவின் பெயரால் விஜிலாவின் வீட்டை மூடுவதை நான் பொறுக்கமாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும், நான் அதில் சேரமாட்டேன். அந்தக் குழு ஊமையாகிக் கிடக்கிறதே, அந்த மௌனம் போதாதா? இன்னும் மௌனம் வேண்டுமா? கிளைட்டன், பூட்டுகிற உரிமை உன் கைபேசியில் இருக்கிறது. திறக்கிற உரிமையும் அதில்தான் இருக்கிறது. நீ திறக்கும் வரை இந்த மைக்கை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. கடைக்கு இன்று விடுமுறை. எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது.

தலையை ஆட்டுகிறாய். தலையாட்டினால் திறக்காது, தம்பி.

தப்பான பதில் வந்துவிடுமே என்று பயப்படுகிறாயா? வரும். வந்தால் அதன் கீழே திருத்தம் எழுதுவோம். பாலகணேஷ் எழுதுவார், நான் எழுதுவேன், நாசரேத்திலிருந்து வந்திருக்கிற அந்த நண்பர் எழுதுவார். ஓட்டிப் பார்க்காமல் ஒரு கட்டளையையும் கொடுக்கமாட்டோம் என்று உங்கள் அனைவர் முன்னிலையிலும், பெற்ற தாய் முன்னிலையிலும் உறுதி சொல்கிறேன். கேட்க வருகிறவர் எத்தனை முறை கேட்டாலும், ஏற்கெனவே கேட்டது என்று விரட்டமாட்டோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவோம். இது எனக்குக் கஷ்டமான காரியம், என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் எழுதுவேன். இதற்கு மேல் உனக்கு என்ன உத்தரவாதம் வேண்டும்?

கைபேசியை எடுத்துவிட்டான். எடுக்கட்டும். அழுகிறவனை அவசரப்படுத்தாதீர்கள், கண் தெளிந்து திறக்கட்டும்.

அதோ! உங்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஒரே நேரத்தில் சிணுங்குகிறதே, கேட்கிறதா? திறந்துவிட்டான். பிளாரன்ஸ் அம்மா, பயப்படாதீர்கள். உங்கள் மகளைத் தேடி வந்த சனம் மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறது, அந்தச் சத்தம்தான்.

என் உரையை இத்துடன் நிறுத்துகிறேன். இனிகோ, மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து இந்த மேசைமேல் வை. மின்சாரம் இந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. கேள்வியைக் குழுவிலும் எழுது, வராதவர்களும் பார்க்கட்டும். பூ கொண்டுவந்தவர்கள் படத்தின் முன்னே வைத்துவிட்டு, பதில் தெரிந்தால் இந்த மேசைக்கு வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள். பக்கத்தில் நின்று, அழிக்கப் போகிற ஒவ்வொன்றையும் ஏன் என்று கேளுங்கள்.